சிற்றூரில் குடியேறும் முன்: தட்பவெப்பத்தையும் வாழ்வசதியையும் அளந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

சின்ன ஊர் ஒன்றுக்குக் குடிபோகலாம் என்று நினைப்பவர்களில் பெரும்பாலோர் அந்த ஊரை அதன் நல்ல மாதத்தில்தான் பார்த்திருப்பார்கள். விடுமுறைக்குப் போயிருப்பார்கள், காற்று இதமாக இருந்திருக்கும், ஏரிக்கரையில் நடந்திருப்பார்கள், "இங்கேயே இருந்துவிட்டால் என்ன" என்று தோன்றியிருக்கும். விருந்தாளிக்கு நல்ல மாதம் போதும். குடியிருப்பவருக்குப் பன்னிரண்டு மாதமும் கணக்கில் வரும். ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க இரண்டு கேள்விகளைத்தான் துருவுகிறது: அந்த ஊரின் மிக மோசமான வாரம் எப்படி இருக்கும்? ஒரு சாதாரண வேலைநாளின் சாயங்காலம் எப்படி இருக்கும்?

பாதி வேலையை வீட்டில் உட்கார்ந்தே முடித்துவிடலாம். மீதியை அந்த மண்ணில் நின்றுதான் செய்யவேண்டும்.

படி 1: ஆண்டுச் சராசரியை மாதமாக, மணியாகப் பிரியுங்கள்

"சராசரி வெப்பநிலை 19 டிகிரி, ஆண்டு மழை 1,100 மி.மீ." என்று ஓர் ஊரைப் பற்றிப் படித்தால் ஒன்றும் தெரிந்துகொண்டதாக ஆகாது. வருடம் முழுக்க 16-க்கும் 22-க்கும் நடுவே இருக்கும் ஊருக்கும் அந்தச் சராசரிதான். குளிரில் உறைந்து, கோடையில் 40-ஐத் தொடும் ஊருக்கும் அதே சராசரி வரலாம்.

மழைக்கணக்கு இன்னும் ஏமாற்றும். மேகாலயாவின் சிரபுஞ்சியில் ஆண்டுக்குச் சராசரியாக 11,000 மி.மீ.க்கு மேல் கொட்டுகிறது. 1860 ஆகஸ்டிலிருந்து 1861 ஜூலை வரை அங்கே பெய்த 26,461 மி.மீ. பன்னிரண்டு மாத மழையில் இன்றும் உலக சாதனை. அதே ஊரில் குளிர்காலம் வந்தால் குடிதண்ணீருக்குத் தட்டுப்பாடு. மழை முழுவதும் சில மாதங்களில் கொட்டி, சரிவில் ஓடி இறங்கிவிடுகிறது. தேங்கி நிற்க மண் இல்லை.

ஆக, தேடவேண்டியவை இவை: ஒவ்வொரு மாதத்தின் பகல் உச்சமும் இரவுக் குறைவும், மழை பெய்யும் நாட்களின் எண்ணிக்கை, ஒரே நாளில் பெய்த அதிகபட்ச மழை, தொடர்ச்சியாக மழையே இல்லாத நீண்ட இடைவெளி. உலக வானிலை அமைப்பு 30 வருடக் கணக்கைத்தான் ஓர் இடத்தின் இயல்பு என்று வைத்திருக்கிறது. இப்போது நடப்பில் இருப்பது 1991 முதல் 2020 வரையான கணக்கு. "போன வருடம் நல்ல மழைங்க" என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், முடிவெடுக்க அது போதாது.

பழைய கணக்கை அப்படியே எதிர்காலத்துக்கு நீட்டவும் முடியாது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். மழை வரும்போது மொத்தமாக வருவதும், வராதபோது மண் சீக்கிரமே காய்வதும் இதன் விளைவுதான். 30 வருடத் தரவு கிடைத்தால், முதல் பத்து வருடத்தையும் கடைசிப் பத்து வருடத்தையும் தனித்தனியாக எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊர் எந்தப் பக்கம் நகர்கிறது என்பது பிடிபடும்.

படி 2: அந்த எண் எங்கே அளந்தது என்று கேளுங்கள்

சிற்றூர்களில் பெரும்பாலும் வானிலை நிலையமே இருக்காது. அலைபேசிச் செயலி காட்டும் எண், வானிலையைக் கணக்கிடும் கணினி நிரல் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கிட்டது. பலரும் பயன்படுத்தும் 'எரா5' என்ற ஐரோப்பிய மறுபகுப்பாய்வுத் தரவில் (பழைய அளவீடுகளைக் கணினிக் கணக்கோடு சேர்த்து மீண்டும் உருவாக்கியது) ஒரு கட்டம் சுமார் 31 கிலோமீட்டர் அகலம். ஒரு மலையும் அதன் இருபக்கப் பள்ளத்தாக்குகளும் அதற்குள் அடங்கிவிடும். 1940-லிருந்து தொடர்ச்சியாகக் கிடைப்பதால் நீண்டகாலப் போக்கைப் பார்க்க அது நல்ல தரவு. உங்கள் தெருவின் குளிரைச் சொல்லாது.

பக்கத்து நகரத்து நிலையத்தின் தரவு கிடைத்தால் முதலில் உயர வித்தியாசத்தைப் பாருங்கள். சராசரியாக 1,000 மீட்டர் ஏறினால் 6.5 டிகிரி குறையும். நிலையம் 300 மீட்டரில், ஊர் 900 மீட்டரில் என்றால் நான்கு டிகிரியைக் கழிக்கலாம். இது பகலுக்கு ஓரளவு பொருந்தும். இரவுக்கு இதை நம்பவேண்டாம், காரணம் அடுத்த படியில் வருகிறது.

இன்னொன்று. நிலையத்தில் வெப்பமானி தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில், நிழல் பெட்டிக்குள் இருக்கும். காற்றில்லாத தெளிந்த இரவில் புல்மட்டத்துக் குளிர் அதைவிடச் சில டிகிரி கீழே போகும். நிலையம் 3 டிகிரி காட்டும் இரவில் தோட்டத்துச் செடி உறைபனியில் கருகுவது இதனால்தான். தோட்டம் போடும் ஆசை இருந்தால் நினைவில் வையுங்கள்.

படி 3: நிலத்தின் வடிவத்தைப் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவழிக்கவேண்டிய படி இதுதான். சமஉயரக் கோடுகள் உள்ள வரைபடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதே போதும். ஊரையும், பார்த்துவைத்திருக்கும் வீட்டையும் குறித்துக்கொண்டு நான்கு கேள்விகளைக் கேளுங்கள்.

முதல் கேள்வி: வீடு பள்ளத்தில் இருக்கிறதா, சரிவில் இருக்கிறதா, முகட்டில் இருக்கிறதா? குளிர்ந்த காற்று கனமானது. இரவில் சரிவு வழியாக வழிந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அப்போது கீழே குளிரும் மேலே கதகதப்பும் என்று நிலைமை தலைகீழாகிவிடும். ஆஸ்திரியாவில் க்ருன்லோக் என்ற கிண்ணம் போன்ற பள்ளம் இருக்கிறது. உயரம் 1,270 மீட்டர்தான். 1932-இல் அங்கே மைனஸ் 52.6 டிகிரி பதிவானது. உங்கள் ஊரில் இந்த அளவுக்கு நடக்காது. ஆனாலும் ஒரே ஊரின் ஆற்றோரத் தெருவுக்கும், நூறு மீட்டர் மேலே உள்ள சரிவுத் தெருவுக்கும் விடியற்காலையில் நாலைந்து டிகிரி வித்தியாசம் இருப்பது சாதாரணம். பள்ளத்தில் குளிர் மட்டும் தேங்குவதில்லை. விறகுப் புகையும் குப்பை எரிக்கும் புகையும் மேலே மூடிபோல் நிற்கும் கதகதப்பான காற்றுக்குக் கீழே மாட்டிக்கொள்ளும். பி.எம். 2.5 நுண்துகளுக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்த ஆண்டு வரம்பு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம். 'சுத்தமான கிராமத்துக் காற்று' என்ற நம்பிக்கையில் பள்ளத்தாக்குக்குப் போனவர்கள், குளிர்காலக் காலையில் நகரத்தைவிட மோசமான காற்றைச் சுவாசிப்பது உண்டு. ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இருந்தால் இந்த ஒரு கேள்வியே முடிவைத் தீர்மானிக்கலாம்.

இரண்டாவது: மழையைக் கொண்டுவரும் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது, நடுவே மலை இருக்கிறதா? காற்று மோதும் பக்கம் மழை கொட்டும். மறுபக்கம் மழை மறைவுப் பகுதியாகக் காயும். இருபது கிலோமீட்டர் தூரத்துக்குள் மழையளவு பாதிக்குக் கீழே போய்விடலாம். மலையைத் தாண்டி இறங்கும் காற்று அழுத்தத்தால் சூடேறவும் செய்யும். அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் ஸ்பியர்ஃபிஷ் என்ற சின்ன ஊரில் 1943 ஜனவரி 22 அன்று, இப்படி இறங்கிய காற்றால் இரண்டே நிமிடத்தில் வெப்பநிலை மைனஸ் 20-லிருந்து 7 டிகிரிக்கு ஏறியது. பிறகு அரைமணி நேரத்துக்குள் அது மீண்டும் விழுந்தபோது ஜன்னல் கண்ணாடிகள் விரிசல் விட்டன.

மூன்றாவது: குளிர்காலத்தில் வீட்டில் வெயில் படுமா? இதை நீங்களே கணக்கிடலாம். வட அரைக்கோளத்தில், வெப்பமண்டலத்துக்கு வெளியே உள்ள ஊர் என்றால், ஆண்டின் மிகக் குறுகிய பகலில் நண்பகல் சூரியனின் உயரம் இவ்வளவு: 90-லிருந்து ஊரின் அட்சரேகையைக் கழித்து, மேலும் 23.4-ஐக் கழியுங்கள். அட்சரேகை 46 என்றால் விடை 20.6 டிகிரி. இப்போது வீட்டுவாசலில் நின்று கையை முழுதாக நீட்டி, விரல்களை மடக்கிய கைமுட்டியை (முஷ்டியை) அடிவானத்தில் வையுங்கள். ஒரு முட்டி ஏறத்தாழ 10 டிகிரி. தெற்கே தெரியும் மலை இரண்டு முட்டிக்கு மேல் உயரமாக இருந்தால் அந்த நாட்களில் வெயில் வீட்டைத் தொடாது. இத்தாலியின் விகனெல்லா கிராமத்தில் இதுதான் நிலைமை. நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை சூரியனே எட்டிப் பார்க்காது என்பதால் 2006-இல் எதிர்மலையில் 40 சதுரமீட்டர் கண்ணாடி ஒன்றை நிறுவி, ஊர்ச் சதுக்கத்துக்கு வெயிலைத் திருப்பிவிட்டார்கள். நார்வேயின் ரியூக்கான் 2013-இல் அதே வழியைப் பின்பற்றியது. தென் அரைக்கோளம் என்றால் வடக்குப் பக்கத்தைப் பாருங்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகே உள்ள ஊர்களில் இந்தக் கணக்கு அவ்வளவு முக்கியமில்லை. அங்கே மேற்குச் சுவர் பிற்பகல் வெயிலை எவ்வளவு வாங்குகிறது என்பதே கேள்வி.

நான்காவது: தண்ணீர் பெருக்கெடுத்தால் எந்த வழியாக ஓடும்? இதற்குத் தனியாகவே ஒரு படி வேண்டும்.

படி 4: வெள்ளம், தீ, காற்று

"நூறு வருடத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம்" என்று கேட்டால் நம் ஆயுளில் வராது என்று மனம் கணக்குப் போட்டுவிடும். அதன் பொருள் வேறு: எந்த வருடத்திலும் வருவதற்கு 1 சதவீத வாய்ப்பு. முப்பது வருடம் குடியிருந்தால் ஒருமுறையாவது வருவதற்கு 26 சதவீதம், அதாவது நான்கில் ஒன்று. வீட்டுக் கடன் முடிவதற்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் பழைய மழைக்கணக்கை வைத்துச் சொன்னது.

அரசின் வெள்ள வரைபடம் இருந்தால் பாருங்கள். இல்லாவிட்டால் ஊரே சாட்சி சொல்லும். பழைய சுவர்களில் நீர்மட்டக் கறை, பாலத்தின் தூண்களிலும் மரக்கிளைகளிலும் சிக்கிக் காய்ந்த சருகுகளும் துணிகளும், காய்ந்த ஓடைக்குள் கிடக்கும் பாறைகளின் அளவு. தலையளவு பாறைகளை உருட்டி வந்த தண்ணீர் சுவரையும் தள்ளும். ஊரின் மிகப் பழைய வீடுகளும் வழிபாட்டு இடமும் எந்த மட்டத்தில் நிற்கின்றன, புது வீடுகள் எந்த மட்டத்தில் என்றும் ஒப்பிடுங்கள். பழையவை எல்லாம் மேலேயும் புதியவை எல்லாம் ஆற்றோரச் சமதளத்திலும் இருந்தால், நிலம் ஏன் மலிவு என்று புரிந்துவிடும்.

தீ தண்ணீருக்கு நேர்மாறு, மேல்நோக்கிப் பாயும். சரிவு 10 டிகிரி கூடினால் தீ ஏறும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது ஆஸ்திரேலியத் தீயணைப்பாளர்களின் கணக்கு. காட்சிக்காக முகட்டில் கட்டிய வீட்டுக்குக் கீழே காய்ந்த புல்லும் புதரும் நிறைந்த சரிவு இருந்தால், அழகான இடம்தான். தப்பிக்க இரண்டு வழி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு அழகை ரசியுங்கள். ஒரே சாலை உள்ள ஊரில் தீ அந்தச் சாலைப் பக்கமிருந்து வந்தால் என்ன ஏற்பாடு என்று உள்ளாட்சியிடம் நேராகக் கேளுங்கள். பதில் தயங்கித் தயங்கி வந்தால் அதுவே பதில்.

காற்றின் கதையை மரங்கள் சொல்லும். தனித்து நிற்கும் மரங்களின் கிளைகள் எல்லாம் ஒரே பக்கம் சீவிவிட்டதுபோல் சாய்ந்திருந்தால், அங்கே காற்று வருடம் முழுக்க ஒரே திசையில் அடிக்கிறது. நேரில் அளக்க பியூஃபோர்ட் அளவுகோல் போதும். 1805-இல் கடற்படைக்காக உருவானது, கருவி எதுவும் தேவையில்லை. இலை சலசலத்தால் 2, சிறுகிளைகள் அசைந்தால் 4, சிறு மரங்களே ஆடினால் 5, அதாவது மணிக்கு 29 முதல் 38 கிலோமீட்டர். பிற்பகல்தோறும் 5 அடிக்கும் ஊரில் சைக்கிள் ஓட்டும் ஆசை நீண்ட நாள் நிலைக்காது.

படி 5: உடம்புக்கு எப்படி இருக்கும்

வெயிலின் அளவை மட்டும் பார்க்காமல் பனிப்புள்ளியைப் பாருங்கள். காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள ஈரம் பனித்துளியாகப் படியுமோ அதுதான் பனிப்புள்ளி. ஈரப்பத சதவீதம் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று குழப்பும். பனிப்புள்ளி நாள் முழுக்கப் பெரிதாக மாறாது. 16-க்குக் கீழே இருந்தால் இதம், 21-ஐத் தாண்டினால் பிசுபிசுப்பு, 24-க்கு மேல் போனால் வேர்வை காயாது. வேர்வை காயாவிட்டால் உடம்பு சூட்டை இறக்க வழியில்லை. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி 35 டிகிரி காட்டும் காற்றில் ஆரோக்கியமானவரும் சில மணி நேரத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாது என்பது கோட்பாடு. வயதானவர்களுக்கு ஆபத்து அதற்கு வெகு கீழேயே தொடங்கிவிடுகிறது.

பகல் உச்சத்தைவிட இரவுக் குறைவே தூக்கத்தைத் தீர்மானிக்கும். பகலில் 38, இரவில் 20 என்று இறங்கும் வறண்ட ஊர், பகலில் 33-ம் இரவில் 28-மாக நிற்கும் ஈரமான ஊரைவிட வாழ எளிது என்பது என் எண்ணம். மின்சாரம் போன இரவில் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

உயரமான ஊர் என்றால் இரண்டு குறிப்புகள். 2,500 மீட்டரில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் முக்கால் பங்குதான். இதய, நுரையீரல் சிக்கல் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு போகவேண்டும். 1,000 மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். குளிர்கிறதே என்று தொப்பி இல்லாமல் சுற்றினால் தோல் உரியும்.

படி 6: வாசலிலிருந்து நடந்து பாருங்கள்

ஊரின் விளம்பரத்தில் அருவி இருக்கும், மலையேற்றப் பாதை இருக்கும், படகுத்துறை இருக்கும். அங்கே குடியிருப்பவர் வருடத்தில் எத்தனை முறை அருவிக்குப் போவார்? விருந்தாளி வந்தால் போவார். தினமும் தேவைப்படுவது வேறு: வாகனத்தை எடுக்காமல், வாசலைத் தாண்டியதும் தொடங்கி, முக்கால் மணி நேரத்தில் ஒரு சுற்று சுற்றி வீடு திரும்பும் பாதை. அது இருக்கிற ஊரில் உடம்பு தானாக நடக்கும். நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தேசியப் பூங்காவால் சாயங்காலத்துக்குப் பயனில்லை.

வீட்டைப் பார்க்கப் போகும்போது அந்தச் சுற்றை நடந்தே பாருங்கள். பாதை எங்கே நெடுஞ்சாலையில் ஏறுகிறது? அங்கே ஓரம் இருக்கிறதா, லாரிகள் உரசிக்கொண்டு போகின்றனவா? எந்த வீட்டு நாய் துரத்துகிறது? மழைக்குப் பிறகு எந்த இடத்தில் சேறு கணுக்கால் வரை ஏறும்? இருட்டிய பிறகு விளக்கு உண்டா? பெண்கள் தனியாக நடக்கிறார்களா? பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் நடந்து வருகிறார்களா, வண்டியில்தான் வருகிறார்களா? கடைசி இரண்டு கேள்விகளுக்கு ஒரு சாயங்காலம் திண்ணையிலோ பேருந்து நிறுத்தத்திலோ உட்கார்ந்திருந்தாலே பதில் கிடைத்துவிடும்.

அடுத்து, நடக்க உரிமை இருக்கிறதா? இது நாட்டுக்கு நாடு மாறும். நார்வேயில் 1957-ஆம் வருடச் சட்டமும் ஸ்காட்லாந்தில் 2003-ஆம் வருடச் சட்டமும் பிறர் நிலத்தின் வழியாகவும் பொறுப்போடு நடந்துபோகும் உரிமையைத் தருகின்றன. இங்கிலாந்தில் பதிவான பொதுப் பாதைகளில் போகலாம். பல நாடுகளில் வேலிக்கு அப்பால் கால் வைத்தாலே அத்துமீறல். காடு என்றால் வனத்துறை அனுமதி வேண்டும். கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையாக இருந்தும், கால் வைக்கக் கிடைப்பது தார்ச்சாலை மட்டும் என்ற ஊர்கள் நிறைய உண்டு. பாதை உரிமையாகக் கிடைத்ததா, நிலத்துக்காரரின் நல்ல மனதால் கிடைத்ததா என்று கேட்டுவையுங்கள். நிலம் கைமாறினால் நல்ல மனதும் மாறும்.

மலைப்பாதை நடப்பவர்களுக்கு 1892-இல் நைஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன கணக்கு இன்றும் உதவும்: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். 10 கிலோமீட்டர் தூரமும் 600 மீட்டர் ஏற்றமும் உள்ள பாதை என்றால் மூன்று மணி நேரம். பிள்ளைகளோடு போனால் ஒன்றரை மடங்காக்குங்கள். இந்தக் கணக்கை அந்த மாதத்தின் பகல்நேரத்தோடு பொருத்திப் பாருங்கள். வேலை முடிந்து கிளம்பினால் இருட்டுவதற்குள் எந்தப் பாதைகளை முடிக்க முடியும் என்பது தெரியும். அந்தப் பட்டியல்தான் உங்கள் உண்மையான வெளிப்புறப் பொழுது.

பருவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் திரளும், ஆகவே மலைநடை காலையில் முடியவேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 நொடிக்குள் இருந்தால், அது ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது, கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்தே வெளியே வரவேண்டும். உண்ணி, அட்டை, பாம்பு எந்த மாதத்தில் அதிகம், வேட்டைப் பருவம் உண்டா, ஆற்றில் குளிக்கும் இடத்துக்கு மேலே அணை உண்டா, அணை திறக்குமுன் சங்கு ஊதுவார்களா — இவை எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இருக்காது.

படி 7: தண்ணீர்

கோடையின் கடைசி வாரத்தில் கிணற்றையும் ஆழ்துளைக் குழாயையும் பாருங்கள். மழைக்காலத்தில் எந்தக் கிணறும் நிறைந்துதான் இருக்கும். எத்தனை அடி ஆழத்தில் தண்ணீர், மோட்டார் எவ்வளவு நேரம் ஓடினால் காற்றை இழுக்கிறது, பக்கத்து வீட்டார் கடைசியாக எப்போது குழாயை ஆழப்படுத்தினார்கள் என்று விசாரியுங்கள்.

தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பாமல் முன்பணம் கொடுக்கவேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்புகள்: ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம், நைட்ரேட் 50 மில்லிகிராம், ஆர்செனிக் 10 மைக்ரோகிராம். மூன்றுக்கும் நிறமில்லை, வாசனையில்லை. உரம் அதிகம் போடும் வயல் பகுதியில் நைட்ரேட்டைக் கட்டாயம் பாருங்கள். புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு ஆபத்து. கொதிக்கவைத்தால் இவை போகாது, நீர் ஆவியாகி இன்னும் செறிவாகும்.

மழைநீர் சேமிக்க நினைத்தால் கணக்கு எளிது. ஒரு சதுரமீட்டரில் ஒரு மி.மீ. பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுரமீட்டர் கூரையில் 600 மி.மீ. பெய்தால் 60,000 லிட்டர். சிதறல் போக 48,000 என்று வையுங்கள். நாள் ஒன்றுக்கு 400 லிட்டர் செலவழிக்கும் குடும்பத்துக்கு அது 120 நாள். மழை இரண்டே மாதத்தில் பெய்து முடியும் ஊரில் அதைத் தேக்கிவைக்கத் தொட்டி எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதுதான் செலவு.

படி 8: சாலை, மருத்துவம், மின்சாரம்

மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர் என்று கேட்காதீர்கள். இரவு இரண்டு மணிக்கு, மழையில், எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போடவேண்டும். ஸ்கேன் வசதி இல்லாத மருத்துவமனை பக்கத்தில் இருந்தும் அதற்கு உதவாது. இதயத் துடிப்பு நின்றுவிட்டால் முதலுதவி இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 சதவீதம் குறைக்கும். ஆம்புலன்ஸ் நாற்பது நிமிடம் தள்ளி இருந்தால் பக்கத்து வீட்டுக்காரரின் கைகள்தான் மருத்துவம். ஊரில் மார்பு அழுத்தப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்களா, இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவி எங்காவது இருக்கிறதா, அது பூட்டிய அறைக்குள் இருக்கிறதா என்று கேட்கலாம். பாம்பு உள்ள பகுதி என்றால், நச்சுமுறி மருந்து எந்த மருத்துவமனையில் உண்மையிலேயே இருப்பில் இருக்கும் என்பதையும்.

மின்தடையின் எண்ணிக்கையைவிட நீளம் முக்கியம். தினம் பத்து நிமிடம் போவதைச் சமாளிக்கலாம். புயலுக்குப் பிறகு நான்கு நாள் போனால் மோட்டார் ஓடாது, தண்ணீர் வராது, அலைபேசிக் கோபுரத்தின் மின்கலமும் சில மணி நேரத்தில் தீரும். வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் இணைய வேகத்தைச் சாயங்காலம் எட்டு மணிக்கு, வீட்டுக்குள் நின்று அளக்கவும். மொட்டைமாடியில் கிடைக்கும் சமிக்ஞையை நம்பி வாடகை கொடுக்கவேண்டாம்.

படி 9: ஊர் யாருடையது

ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் குடியிருப்பவர்கள் 800 பேருக்கும் குறைவு. உச்ச நாட்களில் வந்துபோகிறவர்கள் 10,000 பேர் வரை. 2023-இல் அங்குள்ளவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அழகான ஊர்களின் நோய் இது: வீடுகள் விடுதிகளாகும், கடைகள் நினைவுப்பொருள் கடைகளாகும், பருவம் முடிந்தால் பாதித் தெரு இருண்டு கிடக்கும். ஊரின் மந்தமான மாதத்தில், இரவு ஏழு மணிக்கு ஒரு தெருவில் நடந்து எத்தனை ஜன்னல்களில் வெளிச்சம் தெரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். எந்தப் புள்ளிவிவரத்தையும்விட இதை நான் நம்புவேன்.

பள்ளியில் எந்த வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்பதும் அதே மாதிரி. முதல் வகுப்பில் பிள்ளைகள் குறைந்துகொண்டே வந்தால் பள்ளி மூடும் நாள் தூரத்தில் இல்லை. பள்ளி போனால் இளம் குடும்பங்கள் போகும், பிறகு பேருந்து போகும்.

சின்ன ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதை வரம் என்று சிலர் சொல்வார்கள், தொல்லை என்று சிலர். இரண்டும் உண்மை, உங்களுக்கு எது என்பது உங்கள் குணத்தைப் பொறுத்தது. புதிதாக வந்தவர்களிடம் தனியாகப் பேசுங்கள், குறிப்பாக வந்து இரண்டு மூன்று வருடம் ஆனவர்களிடம். முதல் வருடத்து மயக்கம் தெளிந்து, பழகிப்போய்க் குறைகளை மறக்கும் கட்டம் இன்னும் வந்திராது. முடிந்தால் ஊரை விட்டுப் போனவர் ஒருவரையும் தேடிப் பிடியுங்கள். ஏன் போனார் என்பது பத்துப் பேரின் பாராட்டைவிடப் பயன் தரும்.

படி 10: மோசமான பருவத்தில் வாடகைக்கு இருங்கள்

வாங்குவதற்கு முன் குறைந்தது நான்கு வாரம், ஊரே குறைசொல்லும் அந்தப் பருவத்தில், வாடகைக்கு இருங்கள். விடுதியில் வேண்டாம், அங்கே மின்னாக்கியும் வேலையாளும் இருப்பார்கள், ஊரின் சிரமம் உங்களைத் தொடாது. உங்கள் வழக்கமான வேலையை, பிள்ளைகளின் படிப்பை, சமையலை அங்கிருந்தே செய்யுங்கள்.

ஒரு நோட்டில் தினம் ஐந்தே வரி: காலை ஆறு மணி வெப்பநிலை, மதியம் மூன்று மணி வெப்பநிலை, மின்சாரம் போன நேரம், எத்தனை நிமிடம் வெளியே நடந்தீர்கள், வீட்டில் யார் எதைக் குறித்து முனகினார்கள். வெப்பமானியை நிழலில், சுவரிலிருந்து தள்ளித் தொங்கவிடுங்கள். செயலி காட்டும் எண்ணையும் பக்கத்தில் எழுதினால், உங்கள் தெரு எத்தனை டிகிரி விலகி நிற்கிறது என்பதும் கிடைத்துவிடும். அதற்குப் பிறகு ஆண்டு முழுவதற்குமான தரவை அந்த அளவுக்குத் திருத்திப் படிக்கலாம்.

நான்காவது வரியில் எண் குறைந்துகொண்டே வந்தால் காரணத்தைத் தேடுங்கள். மழையா, இருட்டா, சேறா, நாயா? நாய்க்கும் சேற்றுக்கும் வழி இருக்கிறது. மாலை நான்கு மணிக்கே பள்ளத்தாக்கில் இருட்டிவிடுகிறது என்றால் அதே ஊரில் எதிர்ச்சரிவில் வீடு கிடைக்குமா என்று விசாரியுங்கள். ஐந்தாவது வரியில் வாரம் முழுக்க ஒரே ஆளின் ஒரே முனகல் வந்தால், வீட்டு விலை பேசுவதற்கு முன் அந்த ஆளோடு உட்கார்ந்து பேசுங்கள்.